கைது விவரத்தை எங்கே கேட்பது? காவிரிப் படுகைக் கிராமங்களிலிருந்து தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

ஒருவரைக் காவல்துறையினர் அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்ற செய்தி கிராமத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்திருக்கும். குடும்பத்தார் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கோ, காவல் நிலையத்தில் பழக்கமுள்ள ஒருவரிடமோ ஓடுவார்கள். கைதானவரின் பெயரையும் முகவரியையும் குற்றத்தின் தன்மையையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கும்பகோணம், பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் இப்படி அலைந்த சில குடும்பங்களுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். எந்த வழி எதற்கு உதவும், எது பாதியில் நின்றுவிடும் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவரின் பெயரைத் தட்டினால் அவர் இதுவரை எத்தனை முறை கைதானார் என்று காட்டும் பொதுப் பட்டியல் நம் நாட்டில் கிடையாது. நமக்குக் கிடைப்பவை எல்லாம் ஒரு வழக்கைச் சுற்றி உண்டாகும் தாள்களே: முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பாணை, ரிமாண்ட் உத்தரவு (கைதானவரைக் காவலில் வைக்க நடுவர் இடும் ஆணை), ஜாமீன் மனு, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு. இவை அனைத்தையும் கோத்து நிற்பது காவல் நிலையம் அந்த வழக்குக்கு இடும் குற்ற எண். பேச்சு வழக்கில் ‘கிரைம் நம்பர்’ என்று சொல்லப்படும் அந்த எண்ணும் ஆண்டும் தெரிந்துவிட்டால் மற்ற வழிகள் எல்லாம் எளிதாகிவிடும் என்பதால், எங்கே போனாலும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் திரும்பக்கூடாது.

காவல் நிலையமும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும்

கைதான அன்றே தகவல் வேண்டுமென்றால் இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டுப்பாட்டு அறை இருக்கவேண்டும் என்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர் கைதானவர்களின் விவரங்களைப் பராமரிக்கவேண்டும் என்றும், அவ்விவரங்கள் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் காட்சிக்கு வைக்கப்படவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இதன் வேர் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இருக்கிறது; கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் கைதையும் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து அங்குள்ள அறிவிப்புப் பலகையில் இடவேண்டும் என்று அத்தீர்ப்பு அப்போதே வகுத்துவிட்டது. கைதானவர் குறிப்பிடும் உறவினர் அல்லது நண்பருக்கு உடனே தகவல் தரவேண்டும் என்பது சன்ஹிதாவின் 48-ஆம் பிரிவு.

காவல் நிலையத்துக்குச் செல்வதன் பலம், அங்கே பதிவேடுகளை எழுதும் ரைட்டரிடமிருந்து குற்ற எண்ணையும் எந்த நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப் போகிறார்கள் என்பதையும் நேரடியாகக் கேட்டுக்கொள்ள முடியும் என்பதே. அதன் பலவீனம், நாம் போகும் நிலையம் சரியான நிலையமாக இல்லாமல் போவது. ஊருக்குரிய நிலையத்தில் “அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை” என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கக்கூடும். சாராய வழக்கென்றால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவும், குடும்பத் தகராறென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையமும், ரயிலிலோ நடைமேடையிலோ நடந்ததென்றால் இருப்புப்பாதைக் காவல் நிலையமும், நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரமென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் கைது செய்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஓர் இரவு முழுவதும் உள்ளூர் நிலைய வாசலிலேயே காத்திருந்தது. தேடப்பட்டவர் வேறொரு பிரிவின் காவலில் இருந்தார் என்பது மறுநாள் நண்பகலில்தான் தெரிந்தது. பெற்றவர்கள் அந்த இரவைக் கழித்த விதத்தை நேரில் பார்த்ததனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்குக் கட்டுப்பாட்டு அறையே சரியான மருந்து. எந்தப் பிரிவு கைது செய்தாலும் மாவட்டத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்குத் தகவல் சேரவேண்டும் என்பதால், நான்கு நிலையங்களுக்கு அலைவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு மேல். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கோ, பேராவூரணியிலிருந்து தஞ்சாவூருக்கோ இரவில் பேருந்தை நம்பிப் போக முடியாதவர்களுக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி. அழைக்கும்போது கைதானவரின் பெயர், தந்தை பெயர், ஊர், எத்தனை மணிக்கு யார் அழைத்துச் சென்றார்கள் என்ற நான்கையும் சொல்லி, பதில் சொன்ன அலுவலரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் நேரம் பற்றிய கேள்வி எழுந்தால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு உண்டு.

காவல்துறை இணையதளம்

யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்றும், தொடர்பு வசதி குறைந்த இடங்களில் இதை 72 மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்றும் உத்தரவிட்டது. அதன்படி தமிழ்நாடு காவல்துறையின் மக்கள் சேவைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. வீட்டிலிருந்தே, யாரையும் கெஞ்சாமல், எந்தச் சட்டப்பிரிவுகள் போடப்பட்டுள்ளன என்று படிக்க முடிவது பெரிய விடுதலைதான்.

ஆனால் முதல் தகவல் அறிக்கை வேறு, கைது வேறு. அறிக்கையில் பெயர் இருப்பவர் கைதாகாமலே இருக்கலாம். ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று பதிவான வழக்கில் பிறகு ஒருவர் கைதாகலாம், அப்போது அந்த அறிக்கையில் அவர் பெயரே இராது. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் தொடர்பான போக்சோ வழக்குகள், பயங்கரவாதம் போன்றவை தளத்தில் ஏற்றப்படுவதில்லை, அது நியாயமும்கூட. ஆகவே இணையத்தில் ஒன்றும் தென்படவில்லை என்பதை வைத்து வழக்கே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. எண் தெரிந்த பிறகு சரிபார்க்க உதவும் கருவியாக மட்டுமே நான் இதை மதிப்பேன்.

நடுவர் நீதிமன்றம்

எல்லா வழிகளிலும் நான் மிக அதிகம் நம்புவது இதைத்தான். கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்படுத்தவேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு. புலன் விசாரணை தொடங்கும்போதே முதல் தகவல் நடுவருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதும் விதி. எனவே காவல் நிலையத்தில் சொல்லத் தயங்கும் செய்தியும் இரண்டாம் நாள் காலையில் நீதிமன்றத் தாளாக மாறியிருக்கும். பாபநாசம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, சீர்காழி போன்ற ஊர்களில் நடுவர் நீதிமன்றம் சிற்றூர் மக்கள் வந்துபோகும் தூரத்திலேயே இருப்பதால், மாவட்டத் தலைநகருக்குப் போவதைவிடச் செலவும் குறைவு.

அங்கே யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்தந்த நிலையத்தின் கோர்ட் டியூட்டிக் காவலர் காலையில் நீதிமன்ற வளாகத்தில் இருப்பார். அன்றைய ரிமாண்ட் விவரம் அவருக்குத் தெரியும். அவரை அடுத்து வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள். விடுமுறை நாளாக இருந்தால் பொறுப்பு நடுவர் வேறு ஊரில் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிமாண்ட் ஆகிவிட்டால் எந்தச் சிறை என்பதும் அந்த உத்தரவிலிருந்தே தெரியவரும். திருச்சிராப்பள்ளி மத்திய சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் புறப்படும் முன், ஆளை முதலில் அருகிலுள்ள கிளைச் சிறையில் வைத்திருக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. கிராமத்துக் குடும்பங்கள் இதை மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றன என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

நீதிமன்றத்துக்கு நேரில் போவதற்கு மாற்றாக இ-கோர்ட்ஸ் சேவைத் தளமும் செயலியும் உள்ளன. காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகிய மூன்றைக் கொண்டோ, வழக்கில் தொடர்புடையவரின் பெயரைக் கொண்டோ தேடலாம். பழைய வழக்கு விடுதலையில் முடிந்ததா, இன்னும் வாய்தாவில் ஓடுகிறதா என்று அறிய இதற்கு இணையான வழியில்லை. புதிய கைதுக்கு இது பயன்படாது; குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்படும் வரை முக்கிய வழக்கு பெரும்பாலும் கண்ணில் படாது, ஜாமீன் மனு இருந்தால் அது மட்டும் முன்னரே தெரியலாம். பெயரைக் கொண்டு தேடுவோர் தியாகராஜன், சண்முகம் போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்படுவதை நினைவில் கொண்டு, முழுப் பெயருக்குப் பதில் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டுப் பார்ப்பது நல்லது. அப்படிக் கிடைக்கும் பட்டியலில் அதே பெயருள்ள வேறு ஒருவரை நம் ஆள் என்று கொள்ளும் ஆபத்து உண்டு. தந்தை பெயரும் ஊரும் பொருந்தாதவரை எதையும் நம்பக்கூடாது.

தகவல் உரிமைச் சட்டமும் நாளிதழும்

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவுக்கு 30 நாளில் பதில் வரவேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்ததென்றால் 48 மணி நேரத்தில். விசாரணை நிலுவையில் உள்ள வழக்கில், விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்க இடந்தரும் 8(1)(எச்) பிரிவைக் காட்டியும், பிறரைப் பற்றிய கேள்வியில் தனிநபர் தகவல் என்ற விலக்கைக் காட்டியும் மறுப்பு வரலாம். அவசரத்துக்கு இது ஏற்றதல்ல. ஒரு நிலையத்தில் கைதுப் பலகை முறையாக எழுதப்பட்டதா என்று கேட்க இதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை.

நாளிதழின் மாவட்டப் பக்கம் வேகமானது, பெயரும் வயதும் தெருவும் போட்டு வரும். ஆயினும் கைது செய்தியாகும் அளவுக்கு விடுதலை செய்தியாவதில்லை. அதைத் துப்பாக மட்டும் கொள்ளலாம்.

நீதிமன்றத்துக்கே வராத கைதுகள்

நம் பகுதியில் இவை அதிகம். தண்ணீர் திறக்கக் கோரியோ, குழாய்ப் பதிப்பை எதிர்த்தோ மறியல் செய்யும் விவசாயிகளைத் திருமண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விடுவித்தால், அதன் தடம் காவல் நிலையப் பதிவில் மட்டுமே இருக்கும். 2017-இல் எண்ணெய்க் குழாய்க்கு எதிரான போராட்டத்தின்போது கதிராமங்கலத்தில் நடந்ததுபோல் ரிமாண்ட் வரை போனவை நீதிமன்றத்தில் கிடைக்கும். வழக்கு விசாரணையின்றியே தடுப்புக் காவலில் வைக்கும் 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டால், மாவட்டங்களில் அந்த உத்தரவை இடுபவர் ஆட்சியர் என்பதால் தேடவேண்டிய இடமும் ஆட்சியரகம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்லும் மீனவர்களைப் பற்றிய விவரத்துக்கு மீன்வளத் துறையையே அணுகவேண்டும்.

எல்லைகள் தரும் குழப்பம்

தரங்கம்பாடியைச் சேர்ந்தவர் காரைக்காலில் பிடிபட்டால் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தளத்தில் அவ்வழக்கு இருக்காது. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காவல்துறைக்கு உரியது. வலங்கைமான் கும்பகோணத்தை ஒட்டியே இருந்தாலும் திருவாரூர் மாவட்டம். ஆள் இருக்கும் இடமே தெரியாமல் ஆட்கொணர்வு மனு போடும் நிலை வந்தால், தஞ்சாவூர் மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கும் போகவேண்டும்.

பழைய வழக்கென்றால் மாவட்டப் பிரிவினைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டங்களாயின. 2012-இல் சீர்காழியில் பதிவான வழக்கின் தாள்களில் மாவட்டம் நாகப்பட்டினம் என்றே இருக்கும்.

வரன் பார்க்கும்போதும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் ஒருவரின் பழைய கைதைத் தேடுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றது, சம்பந்தப்பட்டவரையே காவல்துறையின் சரிபார்ப்புச் சேவைக்கு விண்ணப்பிக்கச் சொல்வது. அவர் பதினெட்டு வயதுக்குள் இருந்தபோது நடந்ததைத் தோண்டக்கூடாது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. மற்றபடி சான்றிட்ட தாளே வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போடவேண்டும். அதில் குற்ற எண், காவல் நிலையம், வழக்குப் பதிவானபோது இருந்த மாவட்டத்தின் பெயர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரும் தந்தை பெயரும், எந்தத் தேதியிட்ட உத்தரவு என்பது ஆகியவற்றை எழுதி, வழக்கில் தொடர்பில்லாதவராக இருந்தால் நகல் ஏன் தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.