டக்சீடோவா, நீள்முள் கறுப்பா? பினாங்கு வீட்டு டேங்குக்கு ஏற்ற அர்ச்சின்

"அண்ணே, பாறை முழுக்க முடிப்பாசி. கடையில கறுப்பு அர்ச்சின் ஒண்ணு மலிவா இருக்கு, வாங்கிடட்டுமா?" ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இரண்டடி உப்புநீர் டேங்க் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். வேண்டாம், டக்சீடோ என்ற குட்டை முள் அர்ச்சின் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள் என்றேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அர்ச்சின், அதாவது உருண்டை உடம்பு முழுக்க முள் உள்ள கடல் முள்ளெலி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எது அதிகமாகப் பாசி தின்னும் என்றுதான் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. டேங்கில் பாசி தீர்ந்த மறுநாளிலிருந்து அதற்கு எப்படித் தீனி போடப் போகிறீர்கள்? அதை வைத்து இனத்தைத் தேர்ந்தெடுங்கள். இவற்றின் பசி சாதாரணப் பசி இல்லை. 1983-இல் பனாமா பக்கம் தொடங்கிய கொள்ளைநோயில் கரீபியக் கடலின் நீள்முள் அர்ச்சின்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துப்போயின. மேய ஆளில்லாமல் பவளப்பாறைகள் மேல் பாசி ஏறி மூடிவிட்டது. அத்தனை பெரிய பரப்பை மேய்ந்து வைத்திருந்த உயிரின் உறவை 120 லிட்டர் தண்ணீருக்குள் விட்டால், பாறை சீக்கிரமே வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். நமக்கு மகிழ்ச்சிதான். அதன் பட்டினி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கறுப்பை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் டயடீமா செட்டோசம், நம் கடல்காரர். ரெடாங், பெர்ஹெந்தியான், பாயார் தீவுகளில் ஸ்நோர்கல் அடித்தவர்கள் பார்த்திருப்பார்கள். உடம்பில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள், உச்சியில் ஆரஞ்சு வளையம். நம் கடலின் சூட்டிலேயே பிறந்து வளர்ந்ததால் வெப்பத்தை நன்றாகவே தாங்கும். பங்காய் கார்டினல் மீன் குஞ்சுகள் அதன் முள்ளுக்குள் பதுங்கி நிற்கும் அழகைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கையின் நிழல் மேலே விழுந்தால் போதும், முட்கள் எல்லாம் நிழல் வரும் திசைக்குத் திரும்பும். இந்தக் கறுப்பு எனக்கு மிகவும் பிடித்த பிராணி. அதனால்தான் சின்ன டேங்குக்கு வேண்டாம் என்கிறேன்.

கடையில் இருக்கும்போது அது குட்டி. முள்ளில் வெள்ளைப் பட்டைகள் தெரிந்தால் இன்னும் சிறுவயது என்று அர்த்தம். வளர்ந்த பிறகு உடம்பு 7, 8 சென்டிமீட்டர்தான், ஆனால் முள்ளோடு சேர்த்தால் 30 சென்டிமீட்டரைத் தொடும். இரண்டடி டேங்கின் அகலமே 45 சென்டிமீட்டர். திரும்பக்கூட இடமிருக்காது, திரும்பினால் பவளத் துண்டுகள் சரியும். முள் மெலிதானது, உள்ளே பொள்ளல், நுனியில் எதிர்முள் உண்டு, கொஞ்சம் விஷமும் உண்டு. டேங்கைச் சுத்தம் செய்யும்போது விரலில் ஏறினால் தோலுக்குள்ளேயே ஒடிந்துவிடும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். மூட்டுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தால் கிளறாமல் டாக்டரிடம் போங்கள். சின்னப் பிள்ளைகள் மூடியைத் திறந்து கைவிடும் வீடென்றால் இதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை.

உணவு விஷயத்திலும் கறுப்பு சிரமம்தான். பகலில் பாறை இடுக்கில் கிடக்கும், ராத்திரிதான் மேயக் கிளம்பும். நாம் போடும் தீனி அதற்குப் போய்ச் சேர்ந்ததா, மீன் தின்றுவிட்டதா என்று தெரியாது. முள்காட்டுக்குள் கையால் ஊட்டுவதும் நடக்காத காரியம். நான்கு அடிக்கு மேல் நீளம், 400 லிட்டருக்கு மேல் தண்ணீர், பாறைகளை அசையாமல் ஒட்டி வைத்த டேங்க் என்றால் தாராளமாக வையுங்கள். இன்னொன்று, தீவுக்குப் போகும்போது அங்கிருந்து ஒன்றைப் பிடித்துவரலாம் என்று நினைக்காதீர்கள். கடல் பூங்காவிலிருந்து உயிரினங்களை எடுப்பது 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றம்.

டக்சீடோ, அறிவியல் பெயரில் மெஸ்பிலியா குளோபுலஸ், வேறு ரகம். முழு வளர்ச்சியிலும் உடம்பின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் வாக்கில் நின்றுவிடும். முள் குட்டை, நடுவே நீலப் பட்டைகள். இரண்டடி டேங்கில் ஒன்றே ஒன்று தாராளமாக வாழும். முடிப்பாசியையும் கண்ணாடியில் படியும் பாசிப் படலத்தையும் விரும்பித் தின்னும். பாறை மேல் ஊதா மேலோடாகப் படரும் கோரலைன் பாசியையும் கொஞ்சம் சுரண்டும், பாறையில் அங்கங்கே வெள்ளைத் தடம் தெரியும், மறுபடி வளர்ந்துவிடும். அக்ரிலிக் டேங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அடியில் இருக்கும் ஐந்து பற்களும் அக்ரிலிக்கில் கீறல் போடும்.

இதன் ஒரே தொல்லை, கிடைத்ததையெல்லாம் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிவது. சிப்பி, கல், ஒட்டாமல் வைத்த பவளத் துண்டு, சில நேரம் உயிருள்ள நத்தையைக்கூடச் சுமந்து போகும். பவளத் துண்டுகளை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சுமக்கும் பழக்கம் தீனி போடுவதற்கு நமக்கு உதவி செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் நோரியில் (காயவைத்த கடல்பாசித் தாள்) உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, அதன் பக்கவாட்டில் மெல்ல வையுங்கள். முட்களுக்கு நடுவிலிருந்து நூல் நூலாகக் குழாய்க்கால்கள் நீண்டு வரும். ஒன்று நோரியின் ஓரத்தைப் பிடிக்கும், அப்புறம் பக்கத்தில் இருப்பது பிடிக்கும். ஒரு கால் விட்டதை அடுத்த கால் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வாய்க்கு இறக்கிவிடும். தின்றதா இல்லையா என்ற சந்தேகமே வராது. பாசி குறைந்த டேங்கில் இரண்டு நாளுக்கு ஒரு முறை இப்படிக் கொடுத்தால் போதும். எனக்கு டக்சீடோ முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேறு இரண்டு அர்ச்சின் இனங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். பென்சில் அர்ச்சின் பார்க்கக் கம்பீரம், ஆனால் முடிப்பாசியைவிடக் கோரலைன் பாசியிலும் கடல் பஞ்சுகளிலும்தான் அதற்கு நாட்டம், பவளத்தையும் கடிக்கும். பாசிக்காக வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றமே. டிரிப்னூஸ்டெஸ் நேர்மாறு, பாசி தின்பதில் அசுரன். ஹவாயில் கனேஓஹே விரிகுடாவை மூடிய அந்நியப் பாசியை ஒழிக்க இதைப் பண்ணையில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். வீட்டில் வைத்தால் 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்து நம் நோரிப் பொட்டலத்தைக் காலி பண்ணிவிடும்.

சரி, அடுத்து சூடு. மின்விசிறியா, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமா? நம் ஊரில் விளக்கும் பம்ப்பும் ஓடும் டேங்க் மதியத்தில் 31 டிகிரிக்குப் போய்விடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. 25 முதல் 27 டிகிரிக்குள் நிலையாக இருந்தால் நல்லது. விசிறி இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும், கரண்ட் செலவும் சொற்பம். ஆனால் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. 120 லிட்டரில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியானால் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராமிலிருந்து கிட்டத்தட்ட 36-க்கு ஏறிவிடும். மீன் சமாளிக்கும். அர்ச்சினின் உடம்புக்குள் இருக்கும் நீரின் உப்பு வெளித்தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதைத் தனியாகக் கட்டுப்படுத்த அதனால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாளியால் மொத்தமாக ஊற்றிச் சரிசெய்வது அதற்கு இரட்டை அடி. அதனால் விசிறி வைத்தால் தானாக ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீர் நிரப்பும் கருவியையும் சேர்த்தே வாங்குங்கள். சில்லர் இந்தத் தலைவலியைக் குறைக்கும், ஆனால் எடுத்த சூட்டைக் கூடத்திலேயே கக்கும், விலையும் அதிகம். ராத்திரி மட்டும் ஏர்கோன் போடும் அறையில் டேங்க் இருந்தால் மட்டும் சில்லர் பக்கம் சாய்வேன். தினமும் நான்கு டிகிரி ஏறி இறங்குவதைவிட 28-இல் நிலையாக இருப்பது மேல்.

அர்ச்சினின் ஓடு மெக்னீசியம் கலந்த சுண்ணாம்பு. அது நன்றாக வளர டேங்க் தண்ணீரில் வேண்டியது: கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1300 சுற்றி, காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), உப்பு ஒப்படர்த்தி அளவில் 1.025. மீனின் வெண்புள்ளி நோய்க்குப் போடும் செம்பு கலந்த மருந்து டேங்கில் ஒருமுறை விழுந்தாலும் அர்ச்சினுக்கு எமன், அந்த வைத்தியத்தைத் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும்.

கடைக்குப் போனால் முள் விறைப்பாக நிற்கிறதா, குழாய்க்கால்கள் வெளியே ஆடுகின்றனவா, எங்காவது மொட்டைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி அடியில் முள் உதிர்ந்து கிடந்தால் விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம். கண்ணாடியிலிருந்து பிய்த்து எடுக்கவிடாதீர்கள், கால்கள் அறுந்துவிடும். மெதுவாக நகர்த்தி, தண்ணீருக்குள்ளேயே டப்பாவில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தத் தொட்டியின் உப்பு அளவையும் கேட்டு வாருங்கள், சில கடைகள் மீனுக்காகக் குறைத்தே வைத்திருக்கும். உங்கள் தண்ணீரோடு வித்தியாசம் இருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கிய பிறகே டேங்குக்குள் இறக்குங்கள்.