ஒரே கடைத்தெருவில் பதினோரு ஆண்டுகளாகக் கார் நிறுத்துகிறேன்

2014 ஜனவரியில் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. அதே ஆண்டில்தான் நான் ஒரு பழைய மைவி கார் வாங்கினேன். தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. பேங்கு, அஞ்சலகம், மருந்துக்கடை, பூசைச் சாமான் என்று எதற்கும் செம்பனைக் காட்டைத் தாண்டி பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். வாரத்துக்கு மூன்று முறையாவது அந்தக் கடைத்தெருவில் காரை நிறுத்தியிருப்பேன். பட்டணத்தின் பெயரையும் ஊராட்சி மன்றத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தோட்டங்களை நம்பி வளர்ந்த மற்றப் பட்டணங்களில் இருப்பவர்களுக்கும் இந்தக் கதை பழக்கமானதாகவே இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கார் நிறுத்தக் கட்டணம் வசூலிப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் கடைத்தெரு இரண்டே வரிசைதான். ஐந்தடிப் பாதையை ஒட்டிய கடைவீடுகள் மாட்டுவண்டியும் சைக்கிளும் ஓடிய காலத்துக்காகக் கட்டப்பட்டவை. கட்டணம் இல்லாத நாட்களில் காலை ஏழரைக்கே கடைக்காரர்களும் அவர்களிடம் வேலை செய்பவர்களும் கார் நிறுத்தும் கட்டங்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள். மாலை வரை ஒரு கார் நகராது. பொருள் வாங்க வந்தவன் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போவான். கட்டணம் உள்ள நாளில் அந்தக் கார்களெல்லாம் பின்சந்துக்குப் போய்விடுகின்றன, வந்தவனுக்கு இடம் கிடைக்கிறது. இந்தப் பலனைப் பதினோரு ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்து வருகிறேன்.

கட்டணத்துக்குக் கூப்பன் வைத்த காலத்தில் பத்துப் பத்தாகக் கட்டிய, காசால் சுரண்டிக் குறிக்கும் கூப்பன்களை மளிகைக்கடையில் வாங்கி, காரின் முன்பெட்டியில் போட்டு வைத்திருப்பேன். வண்டியை நிறுத்தியதும் பத்து சென் காசு ஒன்றை எடுத்து மாதம், தேதி, மணி, நிமிடம் என்று ஒவ்வொரு கட்டமாகச் சுரண்ட வேண்டும். சாம்பல் நிறத் துகள் மடியெல்லாம் உதிரும். அவசரத்தில் 10-க்குப் பதில் 11-ஐச் சுரண்டிவிட்டால் அந்தக் கூப்பன் வீண்தான். பேங்கில் எண்ணுக்காகக் காத்திருக்கும்போது ஒரு மணி நேரம் முடிந்துவிட்டால் வரிசையை விட்டு ஓடிவந்து இன்னொன்றைச் சுரண்டி வைக்க வேண்டும். தொல்லைதான். ஆனாலும் கூப்பனுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. எழுபது வயதுத் தாத்தாவும் அதை வாங்கலாம், சுரண்டலாம், கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம். கைப்பேசியோ பேங்கு அட்டையோ வேண்டியதில்லை.

பிறகு கட்டணம் கட்டும் கைப்பேசிச் செயலி வந்தது. எனக்கு அது நன்மைதான் என்பதை மறைக்க மாட்டேன். பேங்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரத்தை நீட்டிக்கொள்கிறேன். கட்டிய கணக்கு கைப்பேசியில் அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு முறை மனைவியின் காரில் போய்விட்டு, பழக்கத்தில் என் கார் எண்ணுக்குப் பணம் கட்டிவிட்டேன். அன்று விழுந்த சம்மன், அதாவது அபராதத் தாள், என் தவறு. இரண்டு வண்டிகளைப் பதிந்து வைத்திருப்பவர்கள் பொத்தானை அழுத்துமுன் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

ஆனால் செயலி வந்த சில மாதங்களில் கூப்பன் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. என்னைத் தொடர்ந்து உறுத்துவது இதுதான். எங்கள் தோட்டத்தில் பழைய பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்கள் பலர். ஒருவர் முன்பு லோரி ஓட்டியவர், இன்னும் தம் காரைத் தாமே ஓட்டுகிறார். சட்டத்தை மீற வேண்டும் என்ற எண்ணமே இல்லாத மனிதர். அவர் பணம் கட்ட வழியே இல்லாமல் போனது. ஆறு மாதம் கோயில் திடலில் காரை விட்டுவிட்டு வெயிலில் நடந்து போய்வந்தார்.

இதற்கு வழி கண்டது ஊராட்சி மன்றம் அல்ல, மளிகைக்கடை அக்கா. கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை ஒன்றை நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறார். பெரியவர்கள் வந்து கார் எண்ணைச் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டும், சில்லறையைக் கொடுக்க வேண்டும். அவர் அட்டையில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு தம் கைப்பேசியில் கட்டிவிடுகிறார். நேரம் முடியப் போகிறது என்றால் மகனை அனுப்பி, "தாத்தா கிளினிக்கில் இருக்கிறாரா பார், இன்னும் அரை மணி நேரம் போடவா என்று கேள்" என்கிறார். ஒரு சென் கூட அதிகம் வாங்குவதில்லை. ஊராட்சி மன்றம் தன் சேவை முகப்பிலேயே இதைச் செய்திருக்கலாம். இரண்டு கடைகளை முகவராக நியமித்திருந்தாலும் போதும்.

கிளினிக் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). வாசலில் இருக்கும் சில இலவச இடங்கள் எட்டு மணிக்கே நிரம்பிவிடும். பிறகு வருபவர் சாலையோரக் கட்டணக் கட்டத்தில்தான் நிறுத்த வேண்டும். இரத்தம் எடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குள் கார் நின்ற காசு, வைத்தியக் காசைத் தாண்டிவிடும். கிளினிக்குக்கு எதிரே உள்ள வரிசையிலாவது நோயாளிகளுக்கு முதல் இரண்டு மணி நேரம் இலவசம் என்று வைக்கலாம்.

இனி, 2025 ஜனவரி. அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து ஜோகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு என்று ஆனது. அதுவரை எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. விடுமுறை மாறியதும் இலவச நாளும் மாறியது. ஆனால் அறிவிப்புப் பலகை மாறவில்லை. நான் இரண்டாவது வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனேன். தலைக்கு மேல் நீல நிறப் பலகையில் மலாயில் வெள்ளிக்கிழமை இலவசம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தால் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் சம்மன்.

பலகையும் காரும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "முகநூலில் அறிவித்துவிட்டோம், ஐயா" என்றார். "பலகையைப் பார்த்து நிறுத்துகிறவன் முகநூலை எப்போது பார்ப்பான்?" என்று கேட்டேன். மேலதிகாரியைப் பாருங்கள் என்றார். மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த வாரம் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்றாம் முறை சம்மனை ரத்து செய்தார்கள். அதற்குள் நான் போட்ட பெட்ரோலும் எடுத்த அரைநாள் விடுப்பும் சம்மன் தொகையைவிட அதிகம். எனக்கு ரத்து ஆனது. அதே வெள்ளிக்கிழமை அதே வரிசையில் சம்மன் தாளோடு நின்ற மற்றக் கார்க்காரர்கள் கட்டியிருப்பார்கள். உடனே கட்டினால் தொகை குறைவு, நாள் தள்ளினால் கூடுதல் என்ற முறையில் நியாயம் கேட்கப் போகிறவனுக்கே நட்டம். முறையீடு முடியும்வரை குறைந்த தொகையே நிற்கும் என்று விதி இருக்க வேண்டும்.

சம்மன் தாள் பற்றி ஒரு குறிப்பு. கையடக்கக் கருவியில் அச்சாகும் அந்தத் தாள் வெப்பத்தால் எழுத்து விழும் வகை. முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும், தேதியும் சம்மன் எண்ணும் தெரியாது. கையில் எடுத்த உடனே படம் எடுத்துவிடுங்கள்.

அமலாக்க அதிகாரிகளின் வேலை கடினம். நண்பகல் வெயிலில் நடந்தே சுற்றுகிறார்கள். ஆனால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். தோட்டத்தில் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த நாட்களில் பட்டணம் நிரம்பி வழியும். கட்டத்தில் ஒழுங்காக நிறுத்திய கார்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிற்கும். சிலர் கண்ணாடியில் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பார்கள், சிலர் அதுவும் இல்லை. காசு கட்டி நிறுத்தியவன் காரை எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பான், அவனுடைய நேரமும் முடிந்துபோகும். அப்படி மாட்டிக்கொண்டு நேரம் கடந்த ஒரு காருக்குச் சம்மன் எழுதிவிட்டு, அதை மறித்து நின்ற காரைத் தொடாமல் அதிகாரி நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, மறித்து நிற்பவர்கள் போலீஸ் விவகாரம் என்றார். வழிமறிப்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஆம்புலன்ஸ் வந்தால் அந்தத் தெருவுக்குள் நுழையவே முடியாது. பத்து நிமிடம் கடந்த காரைவிட அதுதான் முதலில் சம்மன் பெற வேண்டிய கார்.

யாரிடம் சொல்வது? ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை முழுவதுமாக நீக்கியது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டுக் கேட்டு வராதவரிடம் பலகையைப் பற்றிப் பேச நாம்தான் தேடிப் போக வேண்டும். நான் போனேன். எங்கள் பகுதி உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார், படங்களை வாங்கிக்கொண்டார். கடைத்தெருப் பலகைகள் மார்ச்சில் மாறின. பின்சந்தில் இருக்கும் ஒரு பலகை தீபாவளிக்கு முந்தின வாரம்வரை பழையபடியே நின்றது.

இப்போது அந்தப் பலகையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி ஞாயிறு என்று திருத்தியிருக்கிறார்கள். மழையில் ஒரு மூலை உரிந்து, அடியில் பழைய வெள்ளிக்கிழமை பாதி தெரிகிறது. போன வாரம் அதைப் படம் எடுத்து உறுப்பினருக்கு அனுப்பியிருக்கிறேன். மளிகைக்கடை அட்டையையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். முகவர் திட்டத்தை அடுத்த கூட்டத்தில் எழுப்புவதாகப் பதில் எழுதியிருக்கிறார்.