நட்சத்திரங்களை விட்டோம், அட்டைகளை வைத்துக்கொண்டோம்

குழந்தைகளின் நினைவாற்றலை வளர்ப்பதாகச் சொல்லும் ஒரு செயலிக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். என் மகளுக்கு 7 வயது. வாய்ப்பாடு மனத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் 54 என்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு 58 என்று மாற்றுவாள்.

செயலியின் பெரும்பகுதி விளையாட்டு. கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னும், அதே வரிசையில் தொட வேண்டும். முதல் வாரம் நான்கு கட்டங்களோடு திணறியவள் இரண்டாம் மாதம் ஏழைத் தொட்டாள். வீடே பூரித்துப்போனது. ஆனால் "கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துவிட்டு, நீலப் பென்சிலை எடுத்துக்கொண்டு, பாட்டியையும் கூப்பிடு" என்றால், பழையபடி அலமாரி முன்னால் நின்று "அப்புறம் என்னம்மா?" என்றுதான் கேட்டாள். கட்டம் தொட்டுப் பழகினால் கட்டம் தொடுவதில்தான் தேர்ச்சி வரும். செயல்நினைவுப் பயிற்சிகள், அதாவது சற்று நேரம் மனத்தில் பிடித்துவைத்து வேலை செய்யும் நினைவுக்கான பயிற்சிகள், பள்ளிப் பாடத்துக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. விளம்பரமோ வேறு சொல்கிறது. பெற்றோரின் கவலையை வைத்து இப்படி விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

அதைவிட வருத்தம் தந்தவை நட்சத்திரங்கள். எதைச் செய்தாலும் திரையில் பொன்னிற நட்சத்திரங்கள் கொட்டும். ஓர் இரவு கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இதற்கு எத்தனை நட்சத்திரம் அம்மா?" என்றாள். கதை கிடைத்தால் சாப்பாட்டையே மறந்துவிடும் பெண் அவள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரிடம் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பின்னர் தாமாக விளையாடும் வேளையில் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். அறிவிக்காமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. இந்தச் செயலியில் நட்சத்திரங்களை நிறுத்திவைக்க வழியே இல்லை.

செயலியில் ஓரமாக ஒளிந்திருந்த அட்டைப் பகுதிதான் அருமை. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1972இல் எழுதிய அட்டைப்பெட்டி முறையேதான். பெட்டி பல அறைகளாகப் பிரிந்திருக்கும். விடை சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், சில நாள் கழித்துத்தான் திரும்பி வரும். தவறினால் முதல் அறைக்கே. மறக்கத் தொடங்கும் நேரத்தில் விடையைத் தானே தேடி எடுக்க வேண்டியிருப்பதால் அது மனத்தில் ஊன்றுகிறது. விடையைப் பார்த்துப் பார்த்து ஓதுவதில் இந்தப் பலன் இல்லை. ஏழெட்டு அட்டை நான்கு முறை முதல் அறைக்குத் திரும்பியது. ஐந்தாம் முறை என் முகத்தைப் பார்க்காமலே 56 என்றாள்.

அட்டைப் பகுதியை மட்டும் தனியாக வாங்க முடியாது என்பதால் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. செருப்புப் பெட்டி ஒன்றை ஐந்தாகத் தடுத்திருக்கிறோம். அட்டைகளை அவளே எழுதுகிறாள். ஆறொன்பது நேற்றுத்தான் மூன்றாம் அறைக்குப் போனது.