கினபாலு மலையேற்றம்: விடியலுக்காக உச்சி வரை ஓட வேண்டாம்

மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலைக்கு நானும் என் கணவரும் இரண்டு நாள் ஏற்றம் போய்விட்டு வந்தோம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு இடது முழங்காலில் பழைய வலி வேறு. என்னைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் விளம்பரத்தில் போடுகிற 'உச்சியில் சூரிய உதயம்' என்பதை மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு போனால் இந்த மலையில் பாதியைத் தவறவிடுவீர்கள்.

மலையின் உயரம் 4,095 மீட்டர். நடை தொடங்கும் டிம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஏறினால் பனலபான். அங்கே இரவு தங்கி, விடிவதற்கு முன்பே கிளம்பி மிச்சம் இரண்டே முக்கால் கிலோமீட்டரை ஏற வேண்டும். அனுமதிச் சீட்டு, காப்பீடு, வழிகாட்டி மூன்றும் கட்டாயம். பனலபானில் எத்தனை படுக்கையோ அத்தனை பேரைத்தான் அனுப்புகிறார்கள். அதனால் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. நாங்கள் பதிவு செய்த பயண முகவர் 'எல்லாம் சேர்த்து' என்றுதான் சொன்னார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மலை இருக்கும் கினபாலு பூங்காவின் அலுவலகத்திலிருந்து டிம்போஹோன் வரை போகும் வண்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நடையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தம். கீழே ஓங்கி வளர்ந்த ஈரக்காடு, பாசி பிடித்த மரங்கள், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு சின்ன அருவி. நான்காவது கிலோமீட்டரைத் தாண்டியதும் மண்ணின் நிறமே ஆரஞ்சாக மாறுகிறது. மரங்கள் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த மண்ணில் நிக்கல் போன்ற உலோகங்கள் அதிகம், செடிக்கு வேண்டிய சத்து குறைவு. அதை ஈடுகட்டப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரங்கள் இங்கே வளர்கின்றன. நெபந்திஸ் வில்லோசா என்ற வகை உலகத்திலேயே கினபாலுவிலும் பக்கத்துத் தம்புயுகோன் மலையிலும்தான் உண்டு. வழிகாட்டி பாதையோரப் புதரை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குடுவை, வாயைச் சுற்றிச் சீப்பின் பற்கள் போல வரிசையாகக் கூர்முனைகள். எங்களைத் தாண்டி விறுவிறுவென்று போன இளைஞர்களில் ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. மறுநாள் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். அப்போது கால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

வழியில் அரை கிலோமீட்டருக்கு ஒரு தூரப் பலகை, நடுநடுவே கூரை போட்ட ஓய்விடங்கள், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. பராமரிப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மேலே இருக்கும் விடுதிக்குப் போகும் அரிசி, முட்டை, எரிவாயு உருளை எல்லாம் மனிதர் முதுகில்தான் ஏறுகின்றன. சுமை தூக்குபவர்களில் பெண்களும் உண்டு. அவர்கள் வரும்போது ஒதுங்கி வழி விடுங்கள். அங்கே தட்டில் விழும் சோற்றை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

விடுதி என்றால் அடுக்குக் கட்டில்கள் போட்ட பொது அறை. இரவு உணவைச் சாயங்காலமே கொடுத்துவிடுகிறார்கள். சூடாக, நிறையவே இருந்தது. குளியலறையில் வெந்நீர் வரவில்லை. உயரம் காரணமாகத் தூக்கமும் சரியாக வராது, லேசாகத் தலை வலிக்கும். படுத்து உடம்புக்கு ஓய்வு கொடுத்தாலே போதும். வலி கூடினாலோ வாந்தி வந்தாலோ வழிகாட்டியிடம் மறைக்கக் கூடாது.

இரண்டரை மணி வாக்கில் தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலில் மரப்படிகள். 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் பழைய பாதை சிதைந்த பிறகு போட்ட வழி இது. அன்றைக்கு இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளும் அதில் உண்டு. காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் இந்த ஊர் வழிகாட்டிகள்தான். இங்குள்ள டூசுன் மக்களுக்கு இது இறந்தவர்களின் ஆன்மா குடியிருக்கும் மலை. எங்களுடன் வந்தவர் இதையெல்லாம் தணிந்த குரலில் சொன்னார். இந்தச் சேவையில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. என் மூச்சுச் சத்தத்தை வைத்தே எப்போது நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

படிகள் முடிந்ததும் வெறும் பாறை. தடிமனான வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், அதனால் கையுறை அவசியம். இந்தக் கருங்கல்லுக்கு எழுபது, எண்பது லட்சம் ஆண்டுதான் வயது. பாறைகளின் கணக்கில் குழந்தை. பனியுகத்தில் பனியாறு தேய்த்துவிட்டுப் போனதால் அவ்வளவு வழவழப்பு. மழை பெய்தால் வழுக்கும், தண்ணீரும் அருவியாக இறங்கும் என்பதால் அப்போது மேலே விடமாட்டார்கள். அந்த முடிவை எதிர்த்து வாதாட வேண்டாம். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியை 3,668 மீட்டரில் குறிப்பிட்ட நேரத்துக்குள் கடக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையை அங்கே சரிபார்க்கிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் பாதை அகன்ற பாறைச் சரிவு, பயமில்லை.

சரி, இப்போது உதயத்துக்கு வருகிறேன். லோ சிகரம் எனப்படும் உச்சி ஒரு சிறிய கற்குவியல். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்கிறார்கள். சீக்கிரம் போனவர்கள் காற்றில் நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், பெயர்ப் பலகையுடன் படம் எடுக்க வரிசை வேறு. நாங்கள் வழிகாட்டியிடம் முன்னாடியே பேசி, எட்டாவது கிலோமீட்டர் பலகைக்கு அருகில் காற்று படாத ஒரு மறைவில் உட்கார்ந்துவிட்டோம். ஆறு மணியை ஒட்டி வெளிச்சம் வந்தது. தொடுவானத்தில் சூரியன் எட்டிப் பார்க்கும் அந்த நொடி அங்கிருந்து தெரியாது, மற்ற சிகரங்கள் மறைக்கும். ஆனால் எதிரே கூம்பாக நிற்கும் தென் சிகரத்தின் நுனியில் முதலில் வெளிச்சம் பட்டு, மெல்லக் கீழே இறங்குவதை முழுசாகப் பார்த்தோம். சாம்பல் பாறை செம்பாக மாறி, பிறகு பொன்னாகியது. மேற்கே திரும்பினால் மேகங்களின் மேல் மலையின் நிழல், பிரமாண்டமான முக்கோணமாகக் கடல் பக்கம் நீண்டிருந்தது. இத்தனை கொம்புகள் உள்ள மலைக்கு எப்படி ஒரே முக்கோண நிழல் என்று கணவர் கேட்டார். நிழல் வெகுதூரம் நீள்வதால், தண்டவாளம் போல அதன் ஓரங்கள் தூரத்தில் போய்க் குவிகின்றன. சிகரம் எந்த வடிவமாக இருந்தாலும் நம் கண்ணுக்கு முக்கோணம்தான்.

அதன் பிறகு உச்சிக்கு ஏறினோம். கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே போனபோது எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான லோ பள்ளத்தாக்கை நிதானமாக எட்டிப் பார்க்க முடிந்தது. 2015-ல் உடைந்த 'கழுதைக் காது' பாறையையும் பார்த்தோம். இந்தச் சிகரத்துக்குப் பெயர் தந்த ஹியூ லோ 1851-ல் மலைமேல் வந்தவர், ஆனால் இந்த உச்சியைத் தொடவில்லை. 1888-ல் ஜான் வைட்ஹெட் என்ற இயற்கையாளர்தான் ஏறினார். இப்படித் தாமதமாகப் போக நினைப்பவர்கள் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். பனலபானில் அறையைக் காலி செய்யும் நேரம் இருக்கிறது, அவர் அதைக் கணக்குப் போட்டுக் கிளப்புவார்.

இறக்கம்தான் கடினம். எட்டே முக்கால் கிலோமீட்டரையும் அன்றைக்கே இறங்க வேண்டும், பெரும்பாலும் உயரமான படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு கைத்தடி, முழங்கால் பட்டை இல்லாமல் போகவே கூடாது. பையைச் சுமை தூக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள், அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம். மதியத்துக்கு மேல் மழைக்கு வாய்ப்பு அதிகம், மழைக்கோட்டைக் கைக்கு எட்டும்படி வையுங்கள். கோத்தா கினபாலுவுக்கு வண்டியில் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், அன்றிரவே விமானம் பிடிக்கும்படி திட்டம் போடாதீர்கள். பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.