வேலூரில் தைத்த 38 லிட்டர் பை: ஏழு மாதப் பயணத்துக்குப் பின் எழுதும் மதிப்புரை

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், பள்ளிப் பைகளையும் பயணப் பைகளையும் தைத்தும் பழுது பார்த்தும் கொடுக்கும் சிறு கடையொன்று இருக்கிறது. முதுகில் சுமக்கும் பை ஒன்றை அங்கே சொல்லித் தைத்து வாங்கி, அந்த ஒரு பையோடு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா என ஏழு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பெரிய நிறுவனங்களின் பைகளுக்கு மதிப்புரைகள் குவிந்து கிடக்கின்றன. இந்தப் பைக்கு நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நான் கேட்டது 60 லிட்டர். கடைக்கார பாய் மறுத்துவிட்டார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, சுற்றுவட்டார லாட்ஜுகளில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குபவர்களின் பெட்டிகளுக்கு ஜிப் மாற்றியும் சக்கரம் போட்டும் தொழில் நடத்துபவர் அவர். "பத்து நாளுக்கு வர்றவங்களும் மூணு மாசத்துக்கு வர்றவங்களும் அதே நாலு துணியத்தாம்மா கட்டறாங்க, மிச்சமெல்லாம் பெட்டியில தூங்குது" என்று சொல்லி, என் முதுகை நாடாவால் அளந்து, 38 லிட்டருக்கு மேல் தைக்க முடியாது என்று முடித்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. விலை 2,600 ரூபாய், பாதி முன்பணம். பன்னிரண்டு நாளில் தருவதாகச் சொன்ன பை பத்தொன்பதாம் நாள் கைக்கு வந்தது.

பையின் உடல் கெட்டியான கறுப்பு நைலான். பெட்டியைப் போல மூன்று பக்கமும் திறக்கும்படி ஜிப் வைக்கச் சொன்னது என் யோசனை. மேல்வாய் மட்டுமே திறக்கும் பைகளில், அடியில் கிடக்கும் ஒரு காலுறையை எடுக்க நள்ளிரவில் விடுதி அறையையே எழுப்ப வேண்டியிருக்கும் என்பது எட்டுப் பேர் படுக்கும் அறைகளில் தங்கியவர்களுக்குத் தெரியும். இடுப்பு வாரைக் கார் சீட் பெல்ட் நாடாவில் தைத்திருந்தார். சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்குவதுதான் இடுப்பு வாரின் வேலை. அந்த வேலையை இது ஏழு மாதமும் குறையில்லாமல் செய்தது. நான் கேட்காமலே முதுகுப் பக்க உள்துணியில் அவர் வைத்திருந்த தட்டையான பாஸ்போர்ட் பையை பாங்காக் போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அடிப்பகுதிக்கு நம் பக்கத்துத் தோல் போட்டார். ஆம்பூரும் இராணிப்பேட்டையும் இருக்கிற ஊரில் தோல் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அதனால் வெறும் பையே 1.9 கிலோ ஆகிவிட்டது. குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோதான் கைச்சுமை என்பதால், என் உடைமைகளுக்கு எஞ்சியது ஐந்து கிலோ. அதிலும் அரை கிலோ, காட்பாடி நடைமேடையில் ரயில் புறப்படும் நேரத்தில் அப்பா ஜன்னல் வழியாகத் திணித்த இட்லிப் பொடி. அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டதால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது குறை தையல். தாய்லாந்து எல்லையைத் தாண்டியதும் வரும் ஹுவாய்சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை, இடையில் பாக்பெங்கில் ஓர் இரவு தங்கி, மெக்கோங் ஆற்றில் இரண்டு நாள் படகில் போகலாம். பைகளையெல்லாம் படகுக்காரர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இறங்கும்போது தோள் வாரைப் பிடித்து இழுத்ததில் இடது வார் பாதி பிய்ந்துவிட்டது. வார் சேருமிடத்தில் ஒரே வரிசைத் தையல்தான் இருந்தது. அங்கே பெருக்கல் குறி போட்டு நான்கு முறை ஓட்டியிருக்க வேண்டும். லுவாங் பிரபாங் சந்தையில் செருப்புத் தைக்கும் ஒரு முதியவர் மெழுகு நூலால் கையாலேயே தைத்துக் கொடுத்தார். பயணம் முடியும் வரை அது அசையவில்லை.

மூன்றாவது குறை மழை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்திய வியட்நாமின் ஹுவே நகரில் பெய்யும் மழை, பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கப் போகும் நம்மூர்க்காரர்கள் கற்பனை செய்யக்கூடியது அன்று. பைக்கு மழை உறை தைத்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, பாயும் நினைவூட்டவில்லை. நான்கே நாளில் தோலில் பச்சை பூத்துவிட்டது.

உறை வேறு வழியில் கிடைத்தது. ஹனோயிலிருந்து மூன்று வாரம் என்னோடு சுற்றிய சிலி நாட்டுப் பெண் ஒருத்தி, ஹுவே ரயில் நிலையத்தில் குளிர்காலத்துச் சாப்பா மலையைப் பார்க்க வடக்கே திரும்பினாள். நான் தெற்கே சைகோனுக்குப் போனேன். அவளிடம் கம்பளி உடை இல்லை. என்னுடைய ஸ்வெட்டர் எனக்கு இனித் தேவையுமில்லை, பையில் அதற்கு இடமுமில்லை. அவள் தன் பையின் மழை உறையைக் கழற்றி என் பைக்கு மாட்டிவிட்டாள். மறுபடி எங்கே சந்திப்போம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நெடும்பயணத்தில் அந்தக் கேள்வியை முதல் மாதத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

பாய் சொன்ன 38 லிட்டரின் நியாயம் எனக்கு விளங்கியது அங்கேதான். 60 லிட்டர் பை இருந்திருந்தால் அந்த ஸ்வெட்டர் அடியில் கிடந்து மார்ச் மாதம் காட்பாடிக்கே திரும்பி வந்திருக்கும். இடமில்லாததால் ஒவ்வொரு ஊரிலும் பிரியும்போது எதையாவது கொடுத்துவிட்டே நகர்ந்தேன்: வியன்டியானில் பாதி இட்லிப் பொடி, சியம் ரீப்பில் நெற்றி விளக்கு, பினாங்கில் ஒரு ஜோடிச் செருப்பு. கையசைத்துவிட்டுப் போவதைவிட அது எளிதாகவும் இருந்தது.

திரும்பியதும் பையைக் கடைக்கு எடுத்துப் போனேன். லுவாங் பிரபாங் தையலை விரலால் தடவிப் பார்த்த பாய், அதே முறையில் வலது வாரையும் தைத்துத் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்தப் பைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். தைக்கக் கொடுப்பவர்கள் அடிப்பகுதியையும் நைலானிலேயே கேளுங்கள், வார் சேருமிடத்தில் இரட்டைத் தையலும் தனியாக ஒரு மழை உறையும் வேண்டுமென்று தாளில் எழுதிக் கொடுங்கள், பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை இருக்காது. லிட்டர் கணக்கில் மட்டும் அவரோடு வாதாட வேண்டாம்.