தேர்ட் ஸ்ட்ரைக் ஆட எந்த கன்சோல்?

பிஎஸ்2-வின் (பிளேஸ்டேஷன் 2) லேசரை மாற்றி வாங்கி வந்த வாரத்தில்தான் கூட ஆடும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ம் ஆண்டுத் தொகுப்பு விலை குறைந்திருக்கிறது. தேர்ட் ஸ்ட்ரைக் போட்டிக்குப் பழக அது போதுமா?" இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தேர்ட் ஸ்ட்ரைக் என்பது ஸ்ட்ரீட் ஃபைட்டர் III வரிசையில் வந்த, இருவர் மோதும் சண்டை ஆட்டம். 1999-ல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் பெட்டிகளில்) வந்த இந்த ஆட்டத்தின் உயிர் 'பேரி' என்ற தடுப்பு வித்தையில் இருக்கிறது. அடி விழும் நேரத்தில் ஸ்டிக்கை எதிராளி பக்கம் ஒரு தட்டு தட்டினால் அடி கழன்றுவிடும், ரத்தம் ஒரு துளி குறையாது. அதற்குக் கிடைக்கும் இடைவெளி சுமார் 10 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது நொடியில் ஆறில் ஒரு பங்கு. இதில் டிவி படத்தைத் தாமதமாகக் காட்டி நான்கு ஃபிரேமை விழுங்கினால் கண்ணால் பார்த்துத் தட்டும் வேலை நடக்காது, ஊகித்துத்தான் தட்ட வேண்டும். அதனால் எந்தப் பதிப்பு வந்தாலும் படத்தின் பளபளப்பை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பார்ப்பேன்: எதிரே ஆடுபவனை சுன் லீ என்ற பாத்திரத்தின் ஹோயோகுசென் சூப்பரை (சரமாரியாக உதைக்கும் சிறப்பு அடி) போடச் சொல்லி, நான் கென் என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு முழுசாகப் பேரி செய்ய முடிகிறதா?

சண்டை ஆட்டங்களின் பெரிய போட்டியான ஈவோவில், 2004-ல், ஜஸ்டின் வாங் சுன் லீயை வைத்துப் போட்ட இதே சூப்பரைத்தான் டைகோ உமெஹாரா கென்னை வைத்துப் பேரி செய்தார். மொத்தம் 15 அடி. கென்னுக்கு உயிர் நூலிழையில் இருந்ததால் வெறுமனே தடுத்திருந்தாலும், தடுப்பை மீறிக் கசியும் சேதத்தில் தோல்விதான். கடைசி அடியைக் குதித்துக் காற்றில் பேரி செய்து, இறங்கி, தன் சூப்பரோடு முடித்தார். பலர் கவனிக்காதது முதல் அடி. சூப்பர் தொடங்கும்போது திரையில் வரும் ஃப்ளாஷ் தெரிந்த பிறகு கை அசைந்தால் தாமதம், ஸ்டிக் அதற்கு முன்பே முன்னால் தட்டப்பட்டிருக்க வேண்டும். ஆர்கேட் பெட்டிகளை விட்டு ஈவோ கன்சோலுக்கு மாறியதும் அதே 2004-ல்தான். அப்போது எழுந்த முணுமுணுப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன், ஆனாலும் அந்த ஆட்டம் கன்சோலில்தான் நடந்தது.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த பதிப்பு அருமையானது. விஜிஏ கேபிளில் படம் கத்தி போல வரும். ஆனால் பேடில் முகப்பில் நான்கே பட்டன், ஆட்டத்துக்குத் தேவையான ஆறில் இரண்டு பின்பக்க ட்ரிகருக்குப் போகும். நீளமாக அமுங்கும் ட்ரிகரில் கனமான அடியை நேரத்துக்குப் போடுவது வேதனை. நல்ல ஸ்டிக் இருந்தால் மட்டும் அதைத் தொடலாம்.

2011-ல் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ஆன்லைன் எடிஷனைத்தான் மனதாரப் புகழ்வேன். அதில் இருப்பது டோனி கேனன் எழுதிய ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் முறை. எதிராளியின் பட்டன் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், இன்னதுதான் அழுத்துவான் என்று கணித்து ஆட்டத்தை ஓட்டும். கணிப்பு தவறினால் பின்னால் போய்த் திருத்திவிடும். நெட் கொஞ்சம் தடுமாறினாலும் நம் கையின் தாளம் மாறாது. போதாக்குறைக்கு டைகோ செய்த அந்தப் பேரியையே சவாலாக வைத்திருக்கிறார்கள். அதில் பழகும்போது படத்தைப் பார்க்காதே, உதையின் சத்தத்தைக் கேள். இரண்டு கொத்தாக உதை வரும், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. அங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டு விழுகிறோம். குறை ஒன்றுதான்: 360-ன் ஆன்லைன் கடை 2024-ல் மூடிவிட்டது, அந்த வழியில் இனிப் புதிதாக வாங்க முடியாது.

2018-ல் வந்த 30-ம் ஆண்டுத் தொகுப்பில் 12 ஆட்டம், அதில் நான்குக்குத்தான் ஆன்லைன். தேர்ட் ஸ்ட்ரைக் அந்த நான்கில் ஒன்று, அங்கேயும் ரோல்பேக் உண்டு. வெளிவந்த புதிதில் லேக் (தாமதம்) என்று ஆட்டக்காரர்கள் கொதித்தது ஊரறிந்த கதை. இப்போது நன்றாகவே ஓடுகிறது, விலைக்குக் கிடைக்கும் சரக்கும் அதிகம். அதைக் குறை சொன்னால் பாவம்.

ஆனால் பிஎஸ்2! அதையும் எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றையும் சேர்த்துத் தட்டை டிவியில் மாட்டி ஆடிய நாட்களை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பெயர் தெரியாத அந்த மலிவு டப்பாவும், பழைய அனலாக் படத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று டிவியும் ஆளுக்குக் கொஞ்சம் தாமதத்தைச் சேர்த்தன. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டும் பேரி கைக்கு வரவில்லை. ஆட்டத்தின் மேல்தான் பழி விழுந்தது. பிக்சர் டியூப் டிவியில் செருகியதும் அதே டிஸ்க், அதே ஸ்டிக், தட்டிய கணத்தில் பேரி விழுந்ததைக் காட்டும் நீலப் பொறி.

ஆகவே தம்பி, கணக்குப் போட்டால் தொகுப்புதான் ஜெயிக்கும், தெரியும். இருந்தும் உனக்கு பிஎஸ்2-வைத்தான் சொல்வேன். நீ ஆடப்போவது ஒரே அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு. டியூப் டிவி கிடைக்காவிட்டால் மட்டும் தொகுப்பை வாங்கு. வாங்கினால் டிவியில் கேம் மோடை முதலில் போடு, ஸ்டிக்கை வயரில் மாட்டு.