ரோவனியெமி ஹஸ்கி சஃபாரி: ‘இரண்டு மணி நேரம்’ என்றால் பதினொரு நிமிடம்

பின்லாந்தின் லாப்லாந்துக்குக் குளிர்கால விடுமுறையில் செல்லவிருப்பவர்கள், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற டிசம்பரில் ரோவனியெமியில், ‘இரண்டு மணி நேர ஹஸ்கி சஃபாரி, வண்டியை நீங்களே ஓட்டலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி, இணைய முகவர் ஒருவர் வழியாகப் பெரியவருக்கு 149 யூரோவும் குழந்தைக்கு 99 யூரோவும் கட்டினோம். நாங்கள் நால்வரும் வண்டியில் இருந்தது பதினொரு நிமிடம்.

வழியில் மேலும் மூன்று விடுதிகளில் ஆள் ஏற்றிக்கொண்டு நாய்ப் பண்ணைக்குப் போய்ச் சேர்வது, கனத்த குளிராடையும் காலணியும் மாட்டுவது, வரிசையில் நிற்பது, கூடாரத்து நெருப்பருகே பெர்ரிச் சாறு குடிப்பது, திரும்பி வருவது எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்தில் அடக்கம். டிசம்பர் நடுவில் அவ்வூரில் சூரியன் தலைகாட்டுவதே சுமார் இரண்டு மணி நேரம்தான். அதில் பெரும்பகுதி வரிசையிலேயே கழிந்தது. போக்குவரத்தும் கால அளவில் சேரும் என்று விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது உண்மை. அதைக் கவனிக்காதது எங்கள் பிழை.

ஆனால் ‘நீங்களே ஓட்டலாம்’ என்பதற்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஒருவர் அமர, மற்றவர் பின்னால் சறுக்குக் கட்டைகள் மேல் நின்று காலால் பிரேக்கை மிதித்து ஓட்டுவதும், பாதி வழியில் இடம் மாறுவதும்தான் வழக்கம். எங்களையோ நால்வரையும் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார வைத்து, பண்ணை ஊழியரே ஓட்டி, இரண்டு கிலோமீட்டர் சுற்றி இறக்கிவிட்டார். கேட்டதற்கு, கூட்டம் அதிகம், கற்றுக்கொடுக்க நேரமில்லை என்றார்.

பணத்தைவிட நாய்களின் நிலைதான் மனத்தை உறுத்தியது. புறப்படும் முன் ஹஸ்கிகள் துள்ளிக் குரைப்பதும், வண்டி நகர்ந்ததும் அடங்கிவிடுவதும் அவற்றின் இயல்பு. அதைத் துன்பமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்களை இழுத்து வந்த அதே ஆறு நாய்களையும் தண்ணீர்கூடக் காட்டாமல் அடுத்த குழுவுக்கு ஓட்டத் தொடங்கினார்கள். விரல்களுக்கிடையே பனிக்கட்டி திரண்டு பின்னங்காலை நொண்டிய ஒன்றை, நான் சுட்டிக்காட்டிய பிறகே அவிழ்த்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முகவர் பண்ணையைக் காட்டினார், பண்ணை முகவரைக் காட்டியது. இணையத்தில் வாங்கியதைப் 14 நாளுக்குள் ரத்து செய்யும் ஐரோப்பிய ஒன்றிய உரிமை, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யும் பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஆகவே வண்டியில் எத்தனை கிலோமீட்டர், ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஓட்டுவது யார் என்பவற்றை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். நாங்கள் புகார் அனுப்பிய மறுவாரமே ‘நீங்களே ஓட்டலாம்’ என்ற வரி அங்கிருந்து மறைந்துவிட்டது. முன்பே எடுத்து வைத்த படம் இருந்ததால்தான் கடன் அட்டை வங்கி எங்கள் முறையீட்டை ஏற்றுக்கொண்டது.